இரண்டு பிளேடும் ஒரே அளவு

நேயர்களுக்கு வணக்கம். காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரவேலை செய்கிறவன் நான். பலகையின் முகத்தைச் சமன் செய்கிற மெஷினைச் சர்ஃபேஸ் பிளானர் என்போம். அதில் சுழலும் உருளையில் மாட்டியிருக்கும் இரண்டு பிளேடுகளை வீட்டிலேயே கூர் தீட்டுவது பற்றித்தான் இன்றைய பேச்சு.

பிளேடு மழுங்கினால் முதலில் காதுக்குத் தெரியும். விர்ரென்ற சத்தம் போய் உறுமல் வரும். சில்லுசில்லாக விழுந்த சீவல் தூளாக விழும். நம் பக்கம் பழைய வீடு பிரித்த தேக்கு உத்தரம், நிலைச்சட்டம் எல்லாம் கிடைக்கும். அருமையான மரம். ஆனால் தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, அது முனையைத் தின்றுவிடும். போதாததற்குச் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும், உடைந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காந்தத்தால் தடவிப் பார்க்காமல் மெஷினில் விடாதீர்கள்.

ஒருமுறை அவசரத்துக்கு ஒரு சாணைப் பட்டறையில் கொடுத்தேன். இரண்டு பிளேடும் நல்ல கூராகத்தான் வந்தன. ஆனால் ஒன்று மற்றதைவிட அகலத்தில் 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கவனிக்காமல் மாட்டி ஓட்டினேன், மேசையே அதிர்ந்தது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும் உருளையில் எடை ஒருபக்கம் சாய்ந்தால் வேறென்ன நடக்கும்? கூர் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் முடியாது. அன்றிலிருந்து நானே தீட்டுகிறேன்.

ஒரு அடி நீளக் கட்டையின் அடிப்பக்கத்தில் இரண்டு சாய்வான ரம்பவெட்டு போட்டுக்கொண்டேன். அதில் பிளேடுகள் கூரைச் சரிவு போல எதிரும் புதிருமாக நிற்கும், முனைக்குக் கூர் தருகிற இரண்டு சரிவு முகமும் தேய்க்கும் மேடையில் ஒன்றாகப் படியும். ஒன்றாகத் தேய்வதால் அளவு பிசகாது. தேய்க்கும் மேடை, கிச்சன் மேடைக்கு அறுத்து மிஞ்சிய பாலிஷ் கிரானைட் துண்டு. அதன்மேல் 320, 600, 1000, 2000 என்று வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாக மாற்றுவேன். முதலில் சரிவு முகத்தில் மார்க்கர் மையைப் பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். முனையோரம் மை அப்படியே இருந்தால் கோணம் தப்பு, ரம்பவெட்டைச் சரிசெய்யுங்கள். விரலில் பிசிறு தட்டினால், பின்முகத்தைத் தட்டையாக வைத்து 2000 பேப்பரில் தேய்த்து எடுங்கள். கடைசியில் தோலில் நாலு இழுப்பு. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்க, தோல் துண்டுக்கா பஞ்சம்? பிளைவுட்டில் ஒட்டிப் பச்சைப் பாலிஷ் தடவினால் போதும்.

பிளேடு முனையில் சின்னப் பல் போல உடைசல் விழுந்திருந்தால் முழுசாகத் தேய்த்து எடுக்க வேண்டாம். ஒரு பிளேடை 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி மாட்டினால், ஒன்று விட்ட கோட்டை மற்றது சீவிவிடும்.

சரி, மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நேரான ஒரு மரச்சட்டத்தை, சீவிய பலகை வெளியே வரும் பக்கத்து மேசையில், நுனி உருளைக்கு மேலே நீட்டியிருக்கும்படி வையுங்கள். உருளையை வெட்டும் திசையில் கையால் திருப்பினால் பிளேடு சட்டத்தைத் தொட்டு இழுக்கும். எவ்வளவு நகர்ந்தது என்று பென்சிலால் குறியுங்கள். எனக்கு 3 மில்லிமீட்டர் வரும். இடது ஓரம், வலது ஓரம், அடுத்த பிளேடு, எங்கும் அதே 3 வரும்வரை போல்ட்டைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டிருப்பேன். மின்விசிறியைப் போட்டு, நிதானமாக, அரைமணி நேரம் பிடித்தாலும் சரி. அப்புறம்தான் பிளக்கைச் செருகுவது.