நாற்பது மைல் என்று எழுதிய காகிதம்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவ விமானச் சோதனை என்றதும் ஒலியின் வேகத்தைத் தாண்டிய 1947-ஆம் ஆண்டுக் கதையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் என்னைக் கேட்டால், கதை அதற்கு நாற்பது ஆண்டு முன்பே ஒரு காகிதத்தில் தொடங்கிவிட்டது.

1907 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தில் செய்தித் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல் படைப்பிரிவு, பறக்கும் இயந்திரம் ஒன்று வேண்டுமென்று ஒப்பந்தப்புள்ளி கோரியது. என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? இரண்டு பேரைச் சுமக்க வேண்டும். ஒரு மணி நேரம் இறங்காமல் பறக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 மைல். அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் விலையில் பத்து சதவீதம் கூடும். குறைகிற ஒவ்வொரு மைலுக்கும் பத்து சதவீதம் பிடித்தம். 36-க்குக் கீழே போனால் இயந்திரமே வேண்டாம். மனிதன் பறக்கிறான் என்பதையே பாதிப் பேர் நம்பாத காலம் அது! பத்திரிகைகள் கேலி செய்யாமல் விடுமா?

ரைட் சகோதரர்கள் 25,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். 1908 செப்டம்பரில் வாஷிங்டனுக்கு அருகே ஃபோர்ட் மையர் மைதானத்தில் ஆர்வில் ரைட் பறந்து காட்டத் தொடங்கினார். 17-ஆம் தேதி அவரோடு ஏறியவர் லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ். சும்மா சவாரிக்கு வந்தவர் அல்ல. விமானக் கலை தெரிந்த அதிகாரி. நடு வானில் புரொப்பெல்லர் ஒன்று விரிசல் விட்டது. அது பின்னால் இருந்த சுக்கானைப் பிடித்திருந்த கம்பியில் மோத, விமானம் தலைகுப்புற விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இயந்திர விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்தான். ஆர்விலுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

இந்த இடத்தில் ராணுவம் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. கெடுவை நீட்டித்தார்கள். நிபந்தனையில் மட்டும் ஒரு வரியும் தளரவில்லை. அதே 40 மைல், அதே ஒரு மணி நேரம்.

1909 ஜூலையில் ஆர்வில் மறுபடி வந்தார். ஒரு மணி நேரச் சோதனை முடிந்தது. ஜூலை 30 அன்று வேகச் சோதனை. கூட ஏறியவர் லெப்டினன்ட் பெஞ்சமின் ஃபுலாய். அலெக்சாண்ட்ரியா பக்கம் ஒரு குன்று வரை ஐந்து மைல் போய்த் திரும்ப வேண்டும். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: போகும்போது 37.7 மைல், திரும்பும்போது 47.4 மைல். காற்றுக்கு எதிராக ஓடியதை மட்டும் கணக்கெடுத்தால் பிடித்தம்; காற்றோடு வந்ததை மட்டும் எடுத்தால் கொள்ளை லாபம். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தார்கள். 42.58. நாற்பதுக்கு மேல் முழுதாக இரண்டு மைல். ஆகவே 5,000 டாலர் கூடுதல். மொத்தம் 30,000.

போகவும் வரவும் அளந்து சராசரி எடுப்பது! நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக நண்பர்கள் அலுத்துக்கொள்வார்கள். இருக்கட்டும். ஓட்டுபவர் எவ்வளவு துணிச்சல்காரர் என்று அந்த மைதானத்தில் யாரும் மதிப்பெண் போடவில்லை. சொன்ன அளவு வந்ததா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

1935 அக்டோபர் 30-க்கு வருவோம். ஒஹாயோவில் ரைட் ஃபீல்டு என்ற ராணுவ விமானத் தளம். போயிங்கின் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம், மாடல் 299. நின்றிருக்கும்போது வால் மடல்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைத் திறக்காமலே கிளம்பிவிட்டார்கள். செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, விழுந்து எரிந்தது. ஓட்டிய ராணுவ விமானி மேஜர் ஹில், போயிங்கின் சோதனை விமானி டவர் இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியவை அத்தனையையும் ஒரு மனிதன் மனப்பாடமாக வைத்திருக்க முடியவில்லை. விமானிகள் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதினார்கள். பாருங்கள், மறுபடியும் காகிதம்தான். இன்றைக்கு நீங்கள் எந்த விமானத்தில் ஏறினாலும் விமானி கையில் அதன் வாரிசு இருக்கிறது. அந்த விமானமோ பி-17 ஆகி, இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

இப்போது 1947. அக்டோபர் 14, கலிஃபோர்னியாவின் மியூராக் பாலைவனம், எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானம், விமானி சக் யேகர், மாக் 1.06. மாக் 1 என்றால் ஒலியின் வேகம். யேகருக்குக் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்தது, துடைப்பக் குச்சியால் கதவைச் சாத்தியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய பறத்தல் ஒன்றில் மாக் 0.94-இல், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல் வேலை செய்யவில்லை. கைப்பிடியை இழுத்தாலும் மூக்கு அசையவில்லை. மடலை விட்டுவிடுவோம், கிடைவாலை முழுதாக அசைப்போம் என்றவர் ஜாக் ரிட்லி என்ற பொறியாளர். அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நம் நாட்டுக்கென்று பத்து நிமிடம் வைத்திருந்தேன், ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது! மியூராக் தளத்துக்கு, 1948-இல் சோதனைப் பறத்தலில் இறந்த விமானி கிளென் எட்வர்ட்ஸின் பெயரை வைத்தார்கள். பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் சாலை இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். 1961 ஜூன் 17 அன்று நம் நாட்டின் மாருத் போர் விமானத்தை முதலில் பறக்கவிட்டவர் அவர்; 1970-இல் அதே மாருத்தின் வேறொரு வடிவத்தைச் சோதிக்கையில் உயிரிழந்தார். 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோதியால் நம் தேஜஸ் போர் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டாரே, கணினி இல்லாமல் நிலைகொள்ளாத விமானம் அது. கணினி எப்படி அதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு இன்னொரு முறை கூப்பிட்டால்தான் உண்டு. வணக்கம்.