ஒரே பந்து, பதினேழு ஆண்டுகள்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், களைத்ததும் உள்ளே வருபவர் ரிலீவர். அவர்களிலும் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே வைத்திருப்பவர் க்ளோசர். கிரிக்கெட்டில் இருபதாவது ஓவர் வீசுகிறவர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அதுதான் இவருக்கு அன்றாடப் பிழைப்பு. ஜெயித்தால் 'ஜெயிக்க வேண்டிய ஆட்டம்தானே' என்று எழுந்து போய்விடுவார்கள். கோட்டை விட்டால் மொத்தப் பழியும் அவர் தலையில்.

அந்த வேலையில் மரியானோ ரிவேராவுக்கு நிகராக இன்னொருவரை என்னால் சொல்ல முடியாது.

பனாமாவில் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் பால் அட்டைப்பெட்டிதான் கையுறை, மரக்கிளைதான் மட்டை. அப்பாவின் படகில் மத்தி பிடித்துக்கொண்டிருந்தவரை 1990-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி எடுத்துக்கொண்டது. 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. 1995-இல் பெரிய அணிக்கு வந்து 10 ஆட்டங்களைத் தொடங்கினார். நன்றாக அடி வாங்கினார். ஆட்டத்தைத் தொடங்குவதில் தேறாதவர்களை ரிலீவராக்குவது அங்கே பழைய வழக்கம். இவரும் அப்படித்தான் பின்வரிசைக்குப் போனார்.

1997-இல் க்ளோசர் ஆனார். அந்த ஜூன் மாதம், சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து கடைசி நொடியில் தானாக விலகத் தொடங்கியது. மெண்டோசா பிடிக்க முடியாமல் திணறினார். அதை நேராக்கப் பயிற்சியாளரும் இவரும் மெனக்கெட்டார்கள், முடியவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் கட்டர். நேராக வருவது போலவே வரும். இடதுகை ஆட்டக்காரர் மட்டையைச் சுழற்றிய பிறகு உள்ளே நகர்ந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் போய்ப் படும். மட்டை இரண்டாக முறியும். இப்படி முறிந்த மட்டைகள் எத்தனையோ! அடுத்து என்ன பந்து வரும் என்று எதிரணிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவரும் தோற்றார். அதே 1997-இல், கிளீவ்லாந்தில், இன்னும் நான்கு பேரை வெளியேற்றினால் தொடரே யாங்கீஸுக்கு என்ற நிலையில் எதிரணியின் சாண்டி அலோமர் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டு, அதாவது ஹோம் ரன் அடித்து, ஆட்டத்தைச் சமன் செய்தார். இளம் க்ளோசர் ஒருவர் நொறுங்கிப்போக அது போதும். ஆனால் 1998, 1999 இரண்டு ஆண்டுகளிலும், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் ரிவேரா ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு முறையும் கோப்பை யாங்கீஸுக்கு.

2001 உலகத் தொடரின், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரின், கடைசியான ஏழாவது ஆட்டம் இன்னும் கொடுமை. அரிசோனாவில் ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை. எதிரணி மட்டையால் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை எடுத்து, ஓடுபவர் போய்ச் சேர வேண்டிய இரண்டாம் பேஸுக்கு இவரே தவறாக எறிந்தார். ஆட்டம் சமனானது. கடைசியில் அரிசோனா வீரர் லூயிஸ் கொன்சாலஸ் மட்டையில் சரியாகப் படாத ஒரு பந்து, முன்னே வந்து நின்ற தடுப்பாளர்களின் தலைக்கு மேல் போய் விழுந்தது. கோப்பை போயிற்று. அடுத்த சீசனிலும் அதே கட்டரோடுதான் வந்து நின்றார். எனக்கு அவருடைய சாதனைகளைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

2012 மே மாதம் கான்சஸ் சிட்டியில், பயிற்சியின்போது பந்தைத் துரத்தி ஓடியவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. அத்தோடு முடிந்தது என்றார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார், அதாவது 44 ஆட்டங்களில் முன்னிலையைக் காத்து வெற்றியோடு முடித்துக் கொடுத்தார். மொத்தம் 652; இன்றுவரை யாரும் தொடவில்லை.

2019-இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேஸ்பால் எழுத்தாளர்களும் அவர் பெயரை எழுதினார்கள். பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரான பேப் ரூத்துக்குக்கூட அப்படி ஒருமனதாக வாக்கு விழுந்ததில்லை. முதன்முதலில் அது கிடைத்தது, ஆட்டத்தைத் தொடங்குவதில் தேறாத ஒரு ரிலீவருக்கு.

நன்றி, வணக்கம்.