செருப்புக் காட்சிக்கு நான் கைதட்டவில்லை

வணக்கம் உறவுகளே. காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வழக்கம்போல இரணைமடுக் குளக்கட்டில்தான் இருக்கிறேன். இன்றைக்குச் சமையலும் இல்லை, வயலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. அங்கே கேட்டதற்கு இரண்டு நாளாக எனக்கு மனம் ஆறவில்லை.

போன இரண்டு வீடியோக்களிலும் தூக்கிக் காட்டினேனே, அதே சரித்திரக் காதல் நாவல்தான். எகிப்தில் துட்டன்காமன் என்ற பழங்கால அரசனின் கல்லறையைக் கிண்டும் இடத்தில் நடக்கும் கதை. அவள் கிடைக்கும் பொருட்களைப் படமாக வரைபவள், அவன் நிலம் அளப்பவன். ஒன்பது பேர் வந்திருந்தோம். ஆறு பேருக்கு ஒரே குறை: நடுவில் இழுக்கிறதாம், மூன்று கிழமையாக ஒன்றுமே நடக்கவில்லையாம்!

நடக்கத்தான் இல்லை, உறவுகளே! 1922 நவம்பர் 4ஆம் திகதி கல்லறைக்கு இறங்கும் முதற்படி தெரிகிறது. அகழ்வை நடத்திய ஹோவார்ட் கார்ட்டர் முத்திரையிட்ட வாசல்வரை போய்விட்டார். ஆனால் உடைக்கவில்லை. அகழ்வுக்குப் பணம் போட்ட, இங்கிலாந்திலிருந்த கார்னார்வன் பிரபுவுக்குத் தந்தி அடித்துவிட்டு, படிகளைத் திரும்பவும் மண்போட்டு மூடினார். பிரபு 23ஆம் திகதி வந்து சேரும்வரை காத்திருந்தார். அந்த மூடிய மண்ணுக்குப் பக்கத்தில் இவர்கள் இருவரும், வாய்வரை வந்த சொல்லை மூடிவைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இதைவிட நல்ல காதல் அத்தியாயம் நான் வாசித்ததில்லை.

சொல்ல மறந்துவிட்டேன், புத்தகத்தின் விலை. சென்னையில் அச்சான புத்தகம், பின்னட்டையில் 550 இந்திய ரூபாய். யாழ்ப்பாணத்தில் 2,750 இலங்கை ரூபாய் கொடுத்து வாங்கினேன். பஸ் காசு வேறு. வீட்டுக்கு வந்து வாசித்துக்கொண்டு போனால், 192ஆம் பக்கத்துக்கு அடுத்தது 209! ஒரு பாரமே, அதாவது ஒன்றாக அச்சடித்து மடிக்கும் ஒரு பக்கக் கட்டே, சேர்த்துக் கட்டப்படவில்லை. அதுவும் காத்திருப்பு முடியும் இடம். கடைக்குப் போய்க் கேட்டால் “வேறு பிரதி இல்லை” என்று ஒரே வார்த்தை. 2,750 ரூபாய்க்கு நான் கேட்டது முழுப் புத்தகம், அவ்வளவுதான். கல்லறைக்கு இறங்கும் படிகளும் பதினாறு, எனக்குக் காணாமற்போன பக்கங்களும் பதினாறு.

அந்தப் பதினாறையும் வட்டத்தில் ஓர் அக்காவின் பிரதியிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் தராததை அக்கா தந்தார்! அவர் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். ஒரு மீற்றர் அகலத்துக்குள் முழங்காலில் இருந்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஆண்டுக்கணக்காக முன்னேறியவர். ஆறு பேருக்கு இழுத்த பகுதியை அவர் ஒரே இரவில் வாசித்திருக்கிறார். “தங்கச்சி, மண்ணில் அவசரப்படுகிற ஆளை நான் கட்டியிருக்க மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அங்கே யாரும் “இழுக்கிறது” என்ற சொல்லை எடுக்கவில்லை.

இனிச் செருப்பு. எல்லோரும் கொண்டாடிய காட்சி: பெட்டிக்குள் இருந்த மணிகள் கோத்த செருப்பை அவன் எடுத்து அவளுடைய காலில் போட்டுவிடுகிறான். வாசித்த அன்றைக்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செருப்பு அது! நூல் முழுதாக இற்றுப்போயிருக்கும், தொட்டால் மணிகள் சிதறும். உண்மையில் அப்படியொரு சோடி அந்தக் கல்லறையில் கிடைத்தது. அதன் மேல் உருக்கிய பரபின் மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலம் இறுகவிட்டுத்தான் எடுத்தார்கள். அந்த இடத்தில் இவர்கள் இருவரையும் இருத்தியிருக்கலாமே! மெழுகு ஆறும்வரை அசையாமல், கை தொடாமல், பக்கத்தில் பக்கத்தில். மூன்று கிழமை காத்திருப்பை அவ்வளவு அழகாக எழுதிய கை, இரண்டு மணித்தியாலத்துக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அதுதான் கோபம்.

செருப்புக் காட்சிக்காக வாதாடிய தம்பி ஒருவர், “காதல் என்றால் கொஞ்சம் உடையத்தான் வேண்டும் அக்கா” என்றார். உடைக்கட்டும், தன்னுடைய பொருளை உடைக்கட்டும்.

காணாமற்போயிருந்த பக்கங்களை நேற்றிரவு வாசித்து முடித்துவிட்டேன். 205ஆம் பக்கத்தில் மண்ணைத் திரும்ப அள்ளத் தொடங்கும்போது அவன் அவளிடம் ஒன்று சொல்கிறான். வாசிக்காதவர்கள் இருப்பதால் அதை இங்கே சொல்ல மாட்டேன்.