நாய்க்கு நீர்க்கடுப்பு: மாத்திரைக்கு முன்னால் குழிக்கரண்டி

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஆற்றங்கரை வீடியோ இல்லை, கல்லிடைக்குறிச்சியில் நம்ம வீட்டுத் தார்சாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தூங்குகிறாளே, இவள்தான் செவத்தி. சிப்பிப்பாறை இன நாய், நாலு வயது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்றைக்குக் காலையில் முற்றத்தில் குந்தினாள். எழுந்து நாலடி தள்ளிப் போய் மறுபடி குந்தினாள். இப்படி ஏழெட்டுத் தடவை. குனிந்து பார்த்தால் தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம், நடுவில் லேசான சிவப்பு. அப்புறம் சிறுநீர் போகிற இடத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள் ஒருநாளும் நனைக்காதவள், அடுப்படி வாசலில் போய்விட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை.

ஆச்சி பார்த்துவிட்டு, "சூடுதாம்ல, மோர் ஊத்து" என்றாள். கடுப்பு உண்மைதான். ஆனால் காரணம் சூடு இல்லை, கிருமி. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை. பெட்டை நாய்க்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டை, அகலமும் கூட. அதனால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும்.

ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடமும் இவளுக்கு இப்படி வந்தது. வீட்டில் மிச்சம் கிடந்த ஆன்டிபயாடிக்கை நானே இரண்டு வேளை கொடுத்தேன். கடுப்பு குறைந்ததும் நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் திரும்ப வந்தது. அப்படிச் செய்திருக்கவே கூடாது.

சிவப்பாகப் போனாலே நீர்க்கடுப்பு என்று முடிவு கட்டவும் கூடாது. நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அதில் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் காப்பித்தண்ணி மாதிரிப் போகும். முக்கல் இருக்காது, ஆனால் நாய் சோர்ந்துவிடும், ஈறு வெளுத்துவிடும். வயல் பக்கம் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வேறு இருக்கிறது, அது நமக்கும் ஒட்டும். எது என்று சோதனைதான் சொல்லும்.

அதற்குத்தான் இந்தக் குழிக்கரண்டி. வெந்நீரில் கழுவிக் காயவைத்து, ஒரு கம்பில் கட்டினேன். விடியற்காலையில் அவள் குந்தியதும், முதல் சொட்டுகளை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்னாலிருந்து கரண்டியை நீட்டிப் பிடித்தேன். சுத்தமான டப்பாவில் ஊற்றி, ஐஸ் பையில் வைத்து, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிரில்தான் வைக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மருத்துவரே ஊசி வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து நேராக எடுத்தார். அது கரண்டியில் பிடித்த சிறுநீரைவிட நம்பகமானது. திரும்பத் திரும்ப வருகிற நாய்க்கு அது அவசியம். கல், சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

முதல் தடவை வருகிற சாதாரணத் தொற்றுக்கு அமாக்சிசிலின் மாதிரி மருந்து 3 முதல் 5 நாள் வரை போதும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். உங்கள் நாய்க்கு எத்தனை நாள் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, சொன்ன நாள் வரை விடாமல் கொடுங்கள். தண்ணீர் தாராளமாக வையுங்கள். வலிக்கிறதே என்று நம்ம வீட்டு புரூஃபன், டைக்ளோஃபினாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் காலை வரை காத்திருக்காதீர்கள். கடுவன் நாய் முக்கி முக்கி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை, சூட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து, சாப்பாட்டை ஒதுக்கினால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ராத்திரி என்றாலும் வண்டியை எடுங்கள்.

இதோ, எழுந்துவிட்டாள். கதவைப் பார்க்கிறாள். திறந்துவிட்டு வருகிறேன், இருங்கள்... ஒரே தடவைதான் குந்தினாள் மக்களே, நல்லா நிறையப் போயிருக்கிறாள்.