தெப்பக்குளத்தில் ஒரு கணக்குப் பாடம்: கருமத்தம்பட்டி வ்லாக்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கருமத்தம்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னணியில் கேட்கும் தடதடப்பு ஒலிவாங்கியின் கோளாறு அன்று. சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகள் அப்படித்தான் ஒலிக்கும். இன்று பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள், பள்ளியில் பொங்கல் விழா. குழந்தைகளின் முகங்களைக் காட்டக் கூடாது, பள்ளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் தலைமை ஆசிரியையான அருட்சகோதரி அனுமதி அளித்திருக்கிறார். ஆகவே இந்தக் காணொளி முழுவதிலும் நீங்கள் கைகளை மட்டுமே பார்ப்பீர்கள். அதுவும் நல்லதற்கே, ஏனெனில் இங்கு நடப்பதெல்லாம் கைகளில்தான் நடக்கிறது.

பள்ளி விழா என்றதும் வாடகை உடையும் திரைப்பாடலும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் படித்த பள்ளியில் மயில் வேடத்துக்காக என் தந்தை கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில் எடுத்த தோகை, ஒத்திகையன்றே உதிர்ந்துபோனது. இங்கே மேடையே போடப்படவில்லை.

இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டாம் வகுப்பு. பழைய நாட்காட்டித் தாள்களைக் கீற்றுகளாக வெட்டி, நீளவாக்கில் வைத்தவற்றைப் பாவு என்றும், குறுக்கே கோப்பவற்றை ஊடை என்றும் குழந்தைகளே பெயர் சொல்கிறார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒற்றைப்படை வரிசையில் ஊடை முதல் பாவின் மேலே ஏறுகிறது, இரட்டைப்படை வரிசையில் அடியில் நுழைகிறது. எங்கேனும் எண்ணிக்கை தவறினால் பாய் தானாகவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த வேகமான கைகள், ஒடிசாவிலிருந்து தறி வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துச் சிறுமியுடையவை. தமிழில் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள் என்று ஆசிரியை கூறினார், ஆனால் பாய் முடைவதில் வகுப்பே அவளிடம் வந்து சந்தேகம் கேட்கிறது.

அடுத்த அறையில் களிமண்ணால் எழுத்து செய்கிறார்கள். இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியாவுக்கு வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவரை நாம் பெரும்பாலும் தேம்பாவணியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஓலைச்சுவடிக் காலத்தில் எகரமும் ஒகரமும் குறில் என்பதைக் காட்ட மேலே புள்ளி பெற்றன. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பலர் அதை விட்டுவிட, குறிலா நெடிலா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் அவர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண்ணில் 'கெ' செய்து, அதன் கொம்பின் மேல் இன்னொரு சுழி ஏற்றிக் 'கே' ஆக்குகிறார்கள். ஒரு துறவியின் வரலாற்றைப் படமாக மாட்டி மாலை போடுவதைவிட இது எனக்கு மேலாகத் தோன்றியது.

முற்றத்தில் கோலமும் உண்டு. ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள் என்பதை நீங்களும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டிப் பொங்கலுக்கு வருவோம். மற்ற வட்டாரங்களில் மாட்டுப் பொங்கல் என்பதைத்தான் கொங்கு நாட்டில் பட்டிப் பொங்கல் என்கிறோம். வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டிய பிறகு வரும் இந்த நோம்பியில் (பண்டிகையில்), மாடு கட்டும் பட்டிக்குள் மண்ணாலும் சாணத்தாலும் வரப்புக் கட்டி, நீர் நிரப்பி, பூத்தூவிச் சிறு தெப்பக்குளம் அமைத்து, அதில் மாட்டை மிதிக்க விடுவது வழக்கம். கத்தோலிக்கப் பள்ளியில் இதற்கென்ன வேலை என்று யாராவது கருத்துப் பகுதியில் கேட்பீர்கள். 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னை ஆலயத்தைச் சுற்றி வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் மாடு வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் பங்குத்தந்தை வந்து பொங்கல் பானையை மந்திரித்துவிட்டுத்தான் சென்றார்.

குளம் கட்ட வந்தவர் ஒரு மாணவனின் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா. பக்கத்துக்கு ஐந்து சாண் என்று அவர் சொன்னதும், நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் தங்கள் சாணால் அளக்கத் தொடங்கின. ஒருவனுக்கு ஏழு சாண் வந்தது, இன்னொருத்திக்கு ஏழேகால். யார் சொல்வது சரி என்ற வாக்குவாதம் முற்றியபோது அருட்சகோதரி தீர்ப்புச் சொல்லவில்லை. மீட்டர் நாடாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அளந்தால் மிகச் சரியாக ஒரு மீட்டர். அப்புச்சியின் சாண் 20 சென்டிமீட்டர் என்பதை வகுத்துக் கண்டுபிடித்த மாணவன், அதை அவர் கையிலேயே நாடா வைத்துச் சரிபார்த்தான். "எங்கையி அளவு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது சாமி" என்று அவர் சிரித்தார்.

பிறகு ஒரு காங்கேயம் கன்றை அழைத்துவந்தார்கள். அது குளத்தை மிதிக்க மறுத்து, பூக்களை ஒதுக்கிவிட்டு நீரைக் குடிக்கத் தொடங்கியது. எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. கன்று குடித்த நீர் எத்தனை லிட்டர் என்று ஒரு சிறுமி கேட்டாள். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருப்பதை வரப்பின் ஈரத்தடத்தில் அளந்து, 100 பெருக்கல் 100 பெருக்கல் 1 என்று தரையில் எழுதி, 10 லிட்டர் என்று எல்லாரும் கூவினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மண்ணுங் குடிச்சிருக்குமில்லீங்க சிஸ்டர்?"

அருட்சகோதரி சற்று நேரம் அந்தக் குளத்தையே பார்த்தார். விடுமுறை முடிந்து வந்ததும் இதே அளவில் இன்னொரு குளம் கட்டுவது என்றும், அன்று கன்றை அழைப்பதில்லை என்றும் முடிவாயிற்று.