உடம்புச் செல்லு கிழியாம அதுக்குள்ள இருக்கிற சரக்கு எப்படி வெளிய வருது?

வணக்கம். போன வாரம் வேர்வை பத்தி பேசினேன்ல, அதுக்கு ஒருத்தர் கேட்டிருக்காரு, "சார், முகத்துல எண்ணெய் வழியுதே, அது செல்லுக்குள்ள இருந்து வரணும்னா செல்லு கிழியணுமே, கிழிஞ்சா செத்துடாதா?"ன்னு. ரெண்டு நாளா இதே நினைப்பு எனக்கு. ஏன்னா அவர் பிடிச்ச உதாரணத்துல பதில் ஆமா தான். கிழியும், சாகும். எண்ணெய்ச் சுரப்பில இருக்கிற செல்லு கொழுப்பை உள்ள சேத்து சேத்து ஊதி, கடைசில உடைஞ்சு, அதோட மிச்சமும் சேந்து தான் மயிர்க்கால் வழியா மேல வருது. நீங்க கர்சீப்ல துடைக்கிறது செத்த செல்லு. அடியில புதுசு பிறந்துகிட்டே இருக்கு, அதான் கழுவ கழுவ வழியுது.

ஆனா எச்சில், கணைய நீர், இன்சுலின் இதெல்லாம் அப்படி இல்ல. பழைய ஆளுங்களுக்குத் தெரியும், நூறு தடவை சொல்லிட்டேன், செல்லு இதையெல்லாம் அப்படியே ஊத்தாது, பொட்டலம் கட்டும். பொட்டலத்தோட உறையும் கொழுப்புச் சவ்வு, செல்லோட வெளிச் சவ்வும் அதே தான். ரசத்து மேல மிதக்கிற எண்ணெய்ப் பொட்டு ரெண்டை கரண்டியால நெருக்கி விட்டுப் பாருங்க, டக்குன்னு ஒண்ணாயிடும். அந்த மாதிரி உறை சவ்வோட சேந்துக்கும், உள்ள இருந்தது வெளிய நிக்கும், ஓட்டையே விழாது. உறை சேந்து சேந்து செல்லு பெருத்துடாதான்னா, மிச்சத்தை திரும்ப உள்ள இழுத்துக்கும். கினிப் பன்னியோட கணையத்துல இந்தப் பொட்டலம் போற வழியை படிப்படியா பாத்தவர் ஜார்ஜ் பலாடே, 1974ல நோபல் வாங்கினாரு.

சரி, என்னை யாராவது பால் பத்தி கேளுங்கப்பா! கேக்காட்டியும் சொல்றேன். பால் சுரக்கிற செல்லு ஒண்ணே ரெண்டு விதமா அனுப்புது. புரதம் பொட்டலத்துல போகும், கொழுப்பு மட்டும் துளியா சவ்வை உள்ள இருந்து முட்டி, அந்தச் சவ்வையே போர்வையா போத்திகிட்டு அறுந்து வெளிய விழும். போர்வை இருக்கிற வரைக்கும் துளிங்க ஒண்ணோட ஒண்ணு சேராது. எங்க ஆத்தா தயிர் கடையறப்ப நடந்தது என்னன்னா, மத்து அடிச்சு அடிச்சு அந்தப் போர்வை கிழிஞ்சு கொழுப்பு வெண்ணெயா திரண்டது, அவ்வளவு தான். மத்து சத்தம் கனத்ததும் ஆத்தா பானைக்குள்ள பாக்காமயே "திரண்டுடுச்சு"ன்னு சொல்லும்.

நம்ம வீட்டுல போன மாசம் வெண்ணெய் எடுக்க பாக்கெட் பால் தயிரை மிக்ஸில போட்டாங்க. கவர்ல ஹோமோஜெனைஸ்டுன்னு போட்டிருக்கு, அப்படின்னா துளியை அழுத்தி நுணுக்கிட்டாங்க, பழைய போர்வை பத்தாம பால் புரதம் வந்து அதுமேல ஒட்டிக்கிச்சு, அது லேசுல சேராதும்மான்னு சொன்னேன், கேக்கல. மிக்ஸி சூடானது தான் மிச்சம்.