ஒப்பாரி கோச்சி போன அதே வழி

நடுவர் ஐயா, இந்தக் குளிர்லயும் கம்பளியப் போத்திக்கிட்டு எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கிற அட்டன் சனமே, வணக்கம். இந்தியாவுக்கும் நம்ம இலங்கைக்கும் மறுபடி கோச்சியும், அதான் ரயிலும், கப்பலும் சேந்த ஒரு சேவை வந்தா அது காங்கேசன்துறை வழியா, தலைமன்னார் வழியாங்கிறதுதான் தலைப்பு, நான் தலைமன்னார் கட்சி.

எதிரணி தங்கச்சி என்ன சொன்னிச்சு? நாகப்பட்டினம் கப்பல் 2023லயே வந்திருச்சு, காங்கேசன்துறை வரைக்கும் தண்டவாளம் கெடக்கு, பொறவென்ன வேணும்னு. நியாயந்தான். ஆனா தங்கச்சி யாழ்ப்பாணத்துலருந்து மேப்பப் பாக்குது, நான் அட்டன் ஸ்டேசன் பெஞ்சுலருந்து பாக்குறேன். இங்க ஏறுனா நாவலப்பிட்டி, பேராதனை, கடுகண்ணாவை எறக்கம் எறங்கி பொல்கஹவலையில மாறுனாப் போதும், கொழும்புக்கே போக வேணாம், அப்பறம் குருநாகல், மாகோ, அனுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில எடது பக்கம் பிரிஞ்சா மன்னார்க் கடல், நேரா போனா வவுனியா கிளிநொச்சின்னு போய்க்கிட்டே இருக்கணும், அதுக்கு மேல கடல்ல நூறு கிலோமீட்டருக்கு மேல. தலைமன்னார்லருந்து தனுஷ்கோடிக்கு முப்பதுதான்யா!

இது புதுசா கண்டுபிடிச்ச வழியும் இல்ல. 1914லருந்து போட் மெயில் ஓடுனது இங்கதான், எழும்பூர்ல ஒரு டிக்கெட் எடுத்தா நடுவுல கப்பல்ல மாறி கொழும்புல எறங்கலாம். அப்ப இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், இன்னைக்கு ரெண்டு பக்கமும் ஒரே அகலம், 1,676 மில்லிமீட்டர். பாம்பன்ல புதுப் பாலம் 2025ல தெறந்தாச்சு, தலைமன்னார் லைன 2015லயே திருப்பிப் போட்டாச்சு. தலைமன்னார் பழைய எறங்குதுறை துருப்பிடிச்சு நிக்குது, ராமேஸ்வரத்துக்கு அந்தாண்ட தண்டவாளம் இல்ல, ஒத்துக்கிறேன், செலவுதான். ஆனா ராமேஸ்வரத்துலருந்தே கப்பல் விடலாமே, 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்ச பொறவு அப்படித்தானே ஓடுச்சு.

அதே 1964 ஒக்டோபர்லதான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியான நம்ம சனத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு ரெண்டு நாட்டுப் பிரதமரும் எழுதிக்கிட்டாங்க, டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியையே தூக்கிட்டுப் போச்சு. அப்பறம் நம்ம சனத்த ஏத்திக்கிட்டு இங்கருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு நம்மாளுங்க வச்ச பேரு ஒப்பாரி கோச்சி. எங்க தாத்தாவோட அக்கா அதுலதான் போனாங்க, தகர ட்ரங்க் பெட்டியில வெள்ள பெயிண்டுல பேர எழுதி, மடியில ஒரு ரோசாச் செடியோட. தாத்தாவுக்குக் கெடச்சது இந்தப் பக்கத்து பேப்பர், இலங்கைப் பிரஜாவுரிமை. பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஜன்னலப் புடிச்சிக்கிட்டே ஓடுனாராம், அதுக்கப்பறம் அக்காவ அவர் பாக்கவே இல்ல.

அந்தம்மா பேத்தி இப்ப கூடலூர்ல இருக்கா, வாட்ஸ்அப்ல பேசுவா. பொங்கலுக்கு வாயேன்னேன். பஸ், ரயில், பிளேன், திரும்ப கோச்சின்னு கணக்குப் போட்டுட்டு சொன்னா, "மேட்டுப்பாளையத்துல ஏறி அட்டன்ல எறங்குற மாதிரி டிக்கெட் வந்தா சொல்லுங்க மச்சான், அப்பாயி ட்ரங்க் பெட்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு."